மேற்குக் காற்றில் சோலார் டிராக்கர் ஓயாமல் ஆடுகிறது, வழி சொல்லுங்கள்

இடம் உடுமலைப்பேட்டை பக்கம், திறந்த தோட்டம். வடக்கு-தெற்கு அச்சில் வெயிலைத் தொடர்ந்து பேனலைக் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பும் டிராக்கர். 335 வாட் பேனல் 4, 24 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (பேனலைத் தள்ளி இழுக்கும் மோட்டார் தண்டு), வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் சென்சார் இரண்டு. காலையில் ஒழுங்காகத் திரும்புகிறது. ஆனி பிறந்ததிலிருந்து மதியம் 2 மணிக்கு மேல், காற்று ஏறியதும், பத்து விநாடிக்கு ஒருமுறை மோட்டார் முன்னும் பின்னும் ஓடுகிறது. தொட்டால் சுடுகிறது.

எல்டிஆர் இரண்டையும் இடம் மாற்றியாயிற்று, டெட்பேண்டையும் (மோட்டார் ஓடாமல் விட்டுவிடும் சிறு வெளிச்ச வித்தியாசம்) கூட்டியாயிற்று. பலனில்லை. காற்றில்லாத இரவில் டார்ச் அடித்தால் அசையாமல் நிற்கிறது, அதனால் கண்ட்ரோல் போர்டில் கோளாறு இருக்காது. ஆக்சுவேட்டர் முனையில் போல்ட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. புஷ் போட்டு 10 மிமீ போல்ட் மாற்றியும் பேனல் ஓரம் இன்னும் 3 செமீ ஆடுகிறது.

எல்டிஆரை எடுத்துவிட்டு 15 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 4 டிகிரி நகர்த்தும் டைமர் போர்டு வைத்தால் போதுமா, இல்லை பேனல் சட்டத்துக்கு ஆட்டத்தை அடக்கும் டாம்பரும் கட்டாயம் வேண்டுமா?