பிரிண்ட் செர்வர் அடிக்கடி உறைகிறது: சர்வீஸ் "ரன்னிங்" என்கிறது, ஒரு தாளும் வரவில்லை

புதுசெர்வர்27

வணக்கம். விண்டோஸ் செர்வர் 2019, விர்ச்சுவல் மெஷின், 2 கோர், 4 ஜிபி ரேம். 18 பிரிண்டர் கியூ (ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு வேலை வரிசை), சுமார் 70 பேர். நாளுக்கு இரண்டு மூன்று முறை எல்லா கியூவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. நேரத்துக்கு ஒழுங்கு கிடையாது. மாதக் கடைசியில் அதிகம்.

உறையும்போது:
- சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வாங்கி வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் சர்வீஸ்) "ரன்னிங்" என்றே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் "ஸ்டாப்பிங்" என்று போய் அங்கேயே நின்றுவிடும்.
- சிபியு 3%, ரேம் பாதிக்கு மேல் காலி, சி டிரைவில் 31 ஜிபி மிச்சம்.
- பயனர் கணினிகளில் வேர்ட், எக்செல் திறக்கவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது.
- பிரிண்டர்கள் எல்லாம் பிங் (உயிரோடு இருக்கிறதா என்று நெட்வொர்க் வழியே கேட்பது) செய்தால் பதில் தருகின்றன.

செர்வரையே ரீபூட் செய்தால் சரியாகும். ஸ்பூலர் சர்வீஸின் ரெக்கவரி தாவலில் மூன்று தோல்விக்கும் "ரீஸ்டார்ட் த சர்வீஸ்" கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

டோனர்தூசி

ரெக்கவரி தாவல் வேலை செய்யாததற்குக் காரணம் எளிது. புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்தால்தான் அது விழிக்கும். உங்களுடையது சாகவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பூலர் கிராஷ் ஆகியிருந்தால் சிஸ்டம் லாகில் ஈவென்ட் எண் 7031 அல்லது 7034 இருக்கும், அப்ளிகேஷன் லாகில் 1000 இருக்கும், எந்த டிஎல்எல் (புராசஸுக்குள் ஏற்றப்படும் நிரல் கோப்பு) கவிழ்த்தது என்ற பெயரோடு. அவை இல்லையென்றால் இது உறைவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வேர்ட் திறக்கத் தாமதமாவதும் இதே நோய்தான். திறக்கும்போதே டீஃபால்ட் பிரிண்டரின் தாள் அளவு, மார்ஜின் எல்லாம் கேட்கும். அந்தக் கேள்வி உங்கள் செர்வருக்கு வந்து பதிலில்லாமல் நிற்கிறது.

அடுத்த முறை உறைந்தால் ரீபூட் வேண்டாம். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஸ்பூலரின் ஸ்டார்ட்அப் டைப்பை "டிசேபிள்ட்" ஆக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொன்ற கையோடு ரெக்கவரி அதை எழுப்பிவிடும்.
2. டாஸ்க் மேனேஜர், டீடெயில்ஸ் தாவல், ஸ்பூல்எஸ்வி.எக்ஸ்இ, எண்ட் டாஸ்க்.
3. சி டிரைவ் → விண்டோஸ் → சிஸ்டம்32 → ஸ்பூல் → பிரிண்டர்ஸ். இந்த ஃபோல்டரில் உள்ளதை அழிக்காதீர்கள். வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்பு: எஸ்பிஎல் என்பது அச்சிட வேண்டிய சரக்கு, எஸ்ஹெச்டி என்பது யார், எந்தக் கியூ, எத்தனை பிரதி என்ற சீட்டு. உறைந்த நேரத்தில் எது கடைசியாக நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி.
4. ஸ்டார்ட்அப்பை "ஆட்டோமேட்டிக்" ஆக்கி, ஸ்டார்ட்.

மொத்தம் ஒரு நிமிட வேலை. அந்த ஃபோல்டரில் இப்போது எத்தனை கோப்பு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

---

புதுசெர்வர்27

கிராஷ் பதிவு எதுவும் இல்லை. ஃபோல்டரில் 3,800-க்கும் மேல் கோப்புகள்! பாதி போன வருடத்துத் தேதி.

---

டோனர்தூசி

ஏதோ ஒரு கியூவில் அட்வான்ஸ்டு தாவலில் "கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்" டிக் ஆகியிருக்கிறது. எடுத்துவிடுங்கள். ஸ்பூலர் எழும்போதெல்லாம் இத்தனை எஸ்ஹெச்டி-யையும் படித்துத்தான் எழும், எழுவதற்கே நேரமாகும். ஆனால் உங்கள் உறைவுக்கு இதுவே காரணம் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்தும் அந்த ஃபோல்டரை விலக்கிவையுங்கள்.

---

பேப்பர்ஜாம்

ஏன் இவ்வளவு தலைவலி? டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு மணிக்கு ஒரு தடவை ஸ்பூலரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி வெச்சிடுங்க. பல ஆபீஸ்ல இப்படித்தான் ஓடுது.

---

ஒன்பதாயிரத்துநூறு

@பேப்பர்ஜாம், அது இங்கே ஓடாது. அவர்தான் சொல்கிறாரே, ஸ்டாப் கொடுத்தால் "ஸ்டாப்பிங்"-இலேயே நிற்கிறது என்று. ஷெட்யூலரும் அதே கதவில்தான் முட்டும். கதவை உடைத்துக் கொன்றாலும், 40 பக்க வேலையில் 30-வது பக்கம் வரும்போது கொன்றால், திரும்ப எழுந்ததும் முதல் பக்கத்திலிருந்து அடிக்கும். சம்பளப் பட்டியல் இரண்டு பிரதி வந்தால் யார் பதில் சொல்வது?

@புதுசெர்வர்27, நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஒரு பிரிண்டர் கெட்டால் ஒரு கியூதான் நிற்க வேண்டும். 18-ம் நிற்கிறது என்றால், ஸ்பூலருக்குள் யாரோ பொதுப் பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும்) கையில் வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கிறார்கள். ஆளைப் பிடிக்க இரண்டு வேலை.

முதலாவது, லாக். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → பிரிண்ட்சர்வீஸ் → ஆபரேஷனல். இது இயல்பாக அணைந்திருக்கும். எனேபிள் செய்து, அளவை 50 எம்பி ஆக்குங்கள். இயல்பாக இருக்கும் ஏறக்குறைய 1 எம்பி, 70 பேருக்கு அரை நாள் கூடத் தாங்காது. ஆவணத்தின் பெயரும் வேண்டுமென்றால் குரூப் பாலிசியில் பிரிண்டர்ஸ் என்பதன் கீழ் "அலவ் ஜாப் நேம் இன் ஈவென்ட் லாக்ஸ்" இருக்கிறது, அதை இயக்குங்கள். இல்லையென்றால் எல்லாமே "பிரிண்ட் டாக்குமெண்ட்" என்று ஒரே பெயரில் வரும்.

பார்க்க வேண்டிய எண்கள்: 800 ஸ்பூல் ஆகத் தொடங்கியது, 801 அச்சுக்குப் போகிறது, 307 முடிந்தது. 800, 801 வந்து 307 வராமல் நிற்கும் வேலை எது என்று பாருங்கள். இவற்றைவிட உங்களுக்கு முக்கியம் 842. அதில் எந்தப் பிரிண்ட் புராசஸர் (வேலையைப் பிரிண்டருக்கு ஏற்றபடி தயாராக்கும் பகுதி), எந்த டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்), ஐசொலேஷன் (டிரைவரைத் தனியே ஓட்டுவது) 0-வா 1-ஆ 2-ஆ என்று எழுதியிருக்கும். 0 என்றால் டிரைவர் ஸ்பூலருக்குள்ளேயே ஓடுகிறது. 1 பலரோடு பகிர்ந்த தனி அறை, 2 முழுக்கத் தனி அறை.

இரண்டாவது, உறைந்திருக்கும்போதே, கொல்வதற்கு முன், டாஸ்க் மேனேஜர் டீடெயில்ஸில் ஸ்பூல்எஸ்வி மேல் வலது கிளிக், "அனலைஸ் வெயிட் செயின்". யாருக்காக யார் காத்திருக்கிறார் என்று காட்டும். அதே மெனுவில் "கிரியேட் டம்ப் ஃபைல்". அந்தக் கோப்பை (புராசஸின் அந்த நேரத்து நினைவகப் படம்) வின்டிபஜி என்ற டீபக் கருவியில் திறந்து எல்லா திரெட்களின் (புராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஸ்டேக்கையும் (எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) பாருங்கள். 50 திரெட் ஒரே பூட்டுக்குக் காத்திருக்கும், ஒன்று மட்டும் வேறெங்கோ இருக்கும். அந்த ஒன்றின் ஸ்டேக்கில் என்ன டிஎல்எல் என்பதுதான் கேள்வி.

---

புதுசெர்வர்27

மூன்று நாள் லாக் எடுத்தேன். "கீப் பிரிண்டட்" இரண்டு கியூவில் இருந்தது, எடுத்துவிட்டேன். ஃபோல்டர் காலி. ஸ்பூலர் இப்போது சட்டென்று எழுகிறது, ஆனால் உறைவது நிற்கவில்லை.

5 முறை உறைந்தது. ஐந்திலும் 307 வராமல் நின்ற வேலை இரண்டாம் மாடி கணக்குப் பிரிவுக் கியூவுடையது. 842-இல் பிரிண்ட் புராசஸர் விண்டோஸின் சொந்த வின்பிரிண்ட் இல்லை, பிரிண்டர் தயாரிப்பாளருடையது. ஐசொலேஷன் 2. டம்ப்பில் தனியாக நின்ற திரெட்டின் ஸ்டேக்கிலும் அதே தயாரிப்பாளரின் டிஎல்எல்தான், மானிட்டர் (பிரிண்டரோடு பேசும் பகுதி) வகை.

குழப்பம் என்னவென்றால், டிரைவரை முழு ஐசொலேஷனில் வைத்திருக்கிறேனே! பிறகு எப்படி எல்லாரையும் இழுத்துக்கொண்டு விழுகிறது? அந்தப் பிரிண்டர் பிங்குக்கும் பதில் சொல்கிறது.

---

ஒன்பதாயிரத்துநூறு

எல்லாரும் தடுக்கி விழும் கல் இது. ஐசொலேஷன் என்று கொடுத்தால் டிரைவரின் ரெண்டரிங் (பக்கத்தை அச்சு வடிவாக்குவது), செட்டிங் பகுதிகள்தான் பிரிண்ட்ஐசொலேஷன்ஹோஸ்ட் என்ற தனிப் புராசஸுக்குப் போகும். பிரிண்ட் புராசஸர், லாங்குவேஜ் மானிட்டர், போர்ட் மானிட்டர் மூன்றும் ஸ்பூலருக்குள்ளேயே இருக்கும். தொல்லை கொடுப்பவனை வீட்டுக்கு வெளியே படுக்க வைத்துவிட்டு, அவன் தம்பியை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

லாங்குவேஜ் மானிட்டர் பிரிண்டரிடம் இரு வழியாகப் பேசும்: டோனர் எவ்வளவு, எந்த டிரேயில் தாள் என்று. பதில் வராவிட்டால் காத்திருக்கும். ஒழுங்காக எழுதிய மானிட்டர் சில நொடியில் விட்டுவிடும். உங்களுடையது பூட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்கிறது.

செய்ய வேண்டியது, அந்தக் கியூவில் மட்டும்:

- பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் → அட்வான்ஸ்டு → பிரிண்ட் புராசஸர்: வின்பிரிண்ட், டேட்டா டைப் ரா (மாற்றாமல் அப்படியே அனுப்புவது).
- போர்ட்ஸ் தாவலில் "எனேபிள் பைடைரக்‌ஷனல் சப்போர்ட்" டிக்கை எடுங்கள்.
- அதே தாவலில் போர்ட் என்ன வகை? டபிள்யூஎஸ்டி (பிரிண்டரைத் தானே கண்டுபிடிக்கும் வகை) அல்லது தயாரிப்பாளரின் சொந்த போர்ட் என்றால், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் புதிதாக உருவாக்கி, ரா, 9100 (பிரிண்டர் அச்சு வேலையை வாங்கும் போர்ட் எண்) கொடுத்து மாற்றுங்கள்.
- கான்ஃபிகர் போர்ட்டில் "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்" (பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழி விசாரிப்பது) டிக்கையும் இப்போதைக்கு எடுத்துவிடலாம்.

பிறகு ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட்.

இது தம்பியை வெளியேற்றுவது. பிரிண்டர் ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறது என்பது தனிக் கேள்வி. பிங் வருகிறது என்பதை நம்பாதீர்கள். அந்த முகவரியில் *ஏதோ ஒன்று* உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் பிங் எதையும் சொல்லாது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொண்டு 9100 போர்ட் திறக்கிறதா பாருங்கள். பிரிண்டர் அதே சப்நெட் (நெட்வொர்க்கின் அதே பகுதி) என்றால் செர்வரில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்ற குறிப்பு) எடுத்து, அந்த ஐபிக்கு எதிரே உள்ள மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும்போது ஒருமுறை, உறைந்திருக்கும்போது ஒருமுறை.

---

பேப்பர்ஜாம்

டிரைவரையே மாத்திட்டா என்ன? யுனிவர்சல் பிசிஎல்6 (பல மாடலுக்கும் பொதுவான டிரைவர்) போட்டா முடிஞ்சிடுமே.

---

டோனர்தூசி

மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் வேலை நேரத்தில் வேண்டாம். 2021-க்குப் பிறகு டிரைவர் நிறுவ அட்மின் உரிமை வேண்டும், பிரிண்ட்நைட்மேர் என்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது. செர்வரில் டிரைவரை மாற்றினால் கணக்குப் பிரிவுக் கணினிகள் புதியதை இழுக்க முயன்று, ஒவ்வொன்றிலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கலாம். முதலில் புது டிரைவரைக் கணினிகளுக்கு அனுப்பிவிட்டு, பிறகு கியூவை மாற்றுங்கள். அந்தக் கட்டுப்பாட்டை ரெஜிஸ்ட்ரியில் 0 ஆக்கச் சொல்லி நிறையப் பேர் யோசனை தருவார்கள். வாசற்கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம், செய்யாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் பிரிண்ட் மேனேஜ்மென்டில் "எக்ஸ்போர்ட் பிரிண்டர்ஸ் டு எ ஃபைல்" எடுத்து வையுங்கள். 18 கியூ, போர்ட், டிரைவர் எல்லாம் ஒரே கோப்பில் வரும். பழையதை நீக்கும்போது "ரிமூவ் டிரைவர் பேக்கேஜ்" கொடுங்கள். வெறும் டிலீட் கொடுத்தால் பேக்கேஜ் உள்ளேயே கிடக்கும். "இன் யூஸ்" என்று அடம்பிடித்தால் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்து, யாரும் பிரிண்ட் கொடுப்பதற்குள் நீக்குங்கள்.

நீக்கிய பிறகும் ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் → பிரிண்ட் → மானிட்டர்ஸ் கீயில் அந்த மானிட்டர் தங்கியிருக்கிறதா பாருங்கள். லோக்கல் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், யுஎஸ்பி மானிட்டர், டபிள்யூஎஸ்டி போர்ட் போன்றவை விண்டோஸுடையவை, தொடாதீர்கள். அந்நியப் பெயர் இருந்தால் எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

---

புதுசெர்வர்27

மேக் முகவரி இரண்டு முறையும் வேறு வேறு! உறைந்திருந்தபோது வந்த மேக்கின் முதல் மூன்று ஜோடியைத் தேடினால் பிரிண்டர் தயாரிப்பாளரே இல்லை. தேடிப் போனால் வாசலில் உள்ள கைரேகை வருகைப் பதிவு இயந்திரம். அதை மாட்டியவர் கையால் ஒரு ஐபி போட்டிருக்கிறார், அதே ஐபியை டிஹெச்சிபி (தானாக ஐபி பங்கிடும் சேவை) பிரிண்டருக்குக் கொடுத்திருக்கிறது. 9100 சோதனை அப்போது தோல்வி, பிங் மட்டும் ஜம்மென்று வருகிறது.

---

ஒன்பதாயிரத்துநூறு

கதை முழுதாகிவிட்டது. ஏஆர்பி பதிவு வருகை இயந்திரத்தின் பக்கம் சாயும்போது செர்வர் அதனிடம் போய் 9100-ஐத் தட்டுகிறது. திறக்கவில்லை. மானிட்டர் பூட்டோடு காத்திருக்கிறது. மற்ற 17 கியூவும் வரிசையில் நிற்கின்றன. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அதிகம் அடிக்கும், அதனால் மோதவும் வாய்ப்பு அதிகம். ஐபி மோதல் மட்டும் இருந்திருந்தால் அந்த ஒரு கியூ "எரர்" காட்டியிருக்கும், இரண்டாம் மாடியிலிருந்து ஒரு ஃபோன் வந்திருக்கும், அவ்வளவுதான்.

டிஹெச்சிபி ஸ்கோப்பில் (அது பங்கிடும் ஐபி வரம்பு), கையால் போட்ட முகவரிகளுக்கு ஒரு பகுதியை எக்ஸ்குளூஷன் செய்து ஒதுக்குங்கள். வருகை இயந்திரம், சிசிடிவி ரெக்கார்டர், ஆக்ஸஸ் பாயின்ட் எல்லாம் அங்கே போகட்டும். 18 பிரிண்டருக்கும் மேக் வைத்து ரிசர்வேஷன் (எப்போதும் ஒரே ஐபி) போடுங்கள். பிரிண்டரின் பேனலில் கையால் ஐபி போடுவதைவிட இது மேல்: ஃபேக்டரி ரீசெட் ஆனாலும் அதே முகவரி திரும்பி வரும்.

---

புதுசெர்வர்27

ரிசர்வேஷன், எக்ஸ்குளூஷன், வின்பிரிண்ட், பைடைரக்‌ஷனல் நீக்கம் எல்லாம் செய்து 9 வேலை நாள் ஆயிற்று, நடுவில் மாதக் கடைசியும் போனது. ஒருமுறைகூட உறையவில்லை. டிரைவரைச் சனிக்கிழமை மாற்றுகிறேன். ஒன்று மட்டும்: அந்தக் கியூவில் டிரே 2-ம் இருபக்க அச்சும் இப்போது தேர்வில் வரவில்லை.

---

டோனர்தூசி

பைடைரக்‌ஷனலை எடுத்ததால் டிரைவருக்குப் பிரிண்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாது. பிராப்பர்ட்டீஸ் → டிவைஸ் செட்டிங்ஸ் → இன்ஸ்டாலபிள் ஆப்ஷன்ஸில் டிரே 2, டூப்ளெக்ஸ் யூனிட் இரண்டையும் கையால் "இன்ஸ்டால்ட்" ஆக்குங்கள். டோனர் அளவு கணினியில் தெரியாது, பிரிண்டரின் வெப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், முதலில் நகர்த்தி வைக்கச் சொன்னேனே அந்த எஸ்பிஎல் கோப்புகளும், எடுத்த டம்ப்பும் இன்னும் செர்வரில்தான் கிடக்கும். கணக்குப் பிரிவு அடித்தது முழுவதும் அவற்றில் இருக்கிறது, சம்பளச் சீட்டு உட்பட. டிரைவர் மாற்றி ஒரு வாரம் ஓடியதும் அழித்துவிடுங்கள். அதுவரை அந்த ஃபோல்டருக்கு அட்மின் தவிர யாருக்கும் அனுமதி வேண்டாம்.