கூட யார் வந்திருக்காங்க?

மாரத்தஹள்ளி பிஜி:
டெங்கு. பிளேட்லெட் இறங்கிவிட்டது, உடனே அட்மிட் ஆகணும் என்றார்கள். கவுன்ட்டரில் "அட்டெண்டர் யாரு?" என்று கேட்டார்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் அத்தனை பேர் இருக்கிறார்கள், ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர் சில்லறைக்காக நின்றிருந்தார். பேனாவை வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற கட்டத்திலும் ஏதோ எழுதினார். கன்னடம், எனக்குப் படிக்க வராது. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார் என்பதுதான் இன்னும் குடைகிறது.

வேளச்சேரி ஹாஸ்டல்:
மூன்று பேர் அறை. ஜன்னலோரக் கட்டில்காரி ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பி அழுவாள், பகல் முழுக்க ஹெட்போன். கேட்டால் அவளுக்குச் சங்கடம் என்று நாங்கள் இருவரும் தூங்குவது போலக் கிடப்போம். ஒரு சனிக்கிழமை காலி செய்துகொண்டு போய்விட்டாள். வேலையையும் விட்டுவிட்டாளாம், வார்டன் சொன்னார். பக்கெட் மட்டும் குளியலறையில் இருந்தது. நெயில் பாலிஷில் பெயர், ஓரத்தில் பூ எல்லாம் போட்டு. அதைப் பார்த்துத்தான் அவள் முழுப் பெயரே எனக்குத் தெரிந்தது.

பெங்களூரு பழசு:
முதல் பதிவுத் தம்பி, முதலில் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் பிடிஎம் லேஅவுட்டில் தனியாகக் கிடந்தவன்தான். ஒரு தீபாவளிக்கு மெஸ்ஸை மூடிவிட்டார்கள், பிஸ்கட் தின்று படுத்தேன். அதை விடுங்கள். ஞாயிறு காலை கப்பன் பார்க் போங்கள், அன்றைக்கு வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். ஷட்டில் ஆடுங்கள். ஒரு குக்கர் வாங்குங்கள், சாம்பார் சாதம் வைத்துப் பக்கத்து அறைக்காரனையும் கூப்பிடுங்கள், ஃபோனை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். மனசு ரொம்பக் கனத்தால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்தது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அப்புறம் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

நைட் ஷிஃப்ட், சோழிங்கநல்லூர்:
அண்ணா, இங்கே யோசனை கேட்டது யார்? அவர் ஊரைக் குறை சொல்லவே இல்லை, மறுபடி படியுங்கள். 14416 சரி, தெரியாதவர்களுக்கு உதவும். கல்யாணம்? ரெண்டு பிள்ளை பெற்ற எங்கள் டீம் லீட், ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன மருந்து?

என் கதை சின்னது. ராத்திரி ஆபீஸ் கேபில் பெண் கடைசியாக இறங்குகிறாள் என்றால் செக்யூரிட்டி கூட வர வேண்டும், தெரியும்தானே. எனக்கு வரும் பெரியவர் வழியெல்லாம் வாய் திறக்கமாட்டார். ஒரு நாள் நான் இறங்கும்போது டிரிப் ஷீட்டை நீட்டிக்கொண்டே, "பேத்தி பொறந்திருக்கும்மா, ராத்திரி ஒம்பது மணிக்கு" என்றார். அப்போது மணி நாலு. "யோவ், இவ்ளோ நேரம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எங்கிட்ட சொல்லலியே!" என்று டிரைவர் கத்தினார்.