மெம்பிஸில் கல்லூரி உதவித்தொகை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். மெம்பிஸில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். இந்த மிசிசிப்பிக் கரைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு ஹெச்1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கான ஹெச்4 விசா.

டென்னசி மாநிலம் லாட்டரிப் பணத்தில் தரும் ஹோப் உதவித்தொகைக்கு ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 21 மதிப்பெண் போதும். நான் 29 வாங்கியிருக்கிறேன். ஆனால் அதற்கு ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பப் படிவம் வேண்டுமே! குடியுரிமை கேட்கும் கட்டம் வந்ததும் மூன்று முறை மடிக்கணினியை மூடிவிட்டேன்.

ஹெச்4 விசாவில் இருந்துகொண்டு மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் அடிப்படையில் உதவித்தொகை பெற்றவர்கள் இருக்கிறீர்களா? மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த உள்மாநிலக் கட்டணம் கிடைத்ததா? குடியுரிமை கேட்காத தனியார் அறக்கட்டளைகள் தெரிந்தாலும் சொல்லுங்கள். பணம் கேட்கும் இணையதளங்கள் மட்டும் வேண்டாம். ஒன்றில் 40 டாலர் கட்டி ஏமாந்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.