"உம்முடைய ராஜ்யம்" என்றதும் அம்மா பேசினார்: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

இரவுவாசல்:

மூன்று வாரமாக மனதைவிட்டு அகலாததால் எழுதுகிறேன். அம்மாவுக்கு மறதி நோய். ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. என் பெயர் போய்விட்டது, தம்பியின் பெயர் போய்விட்டது, அப்பா இறந்த செய்தியும் போய்விட்டது. நாள் முழுவதும் போர்வையின் ஓரத்தை விரலால் நீவி மடிப்பார், பிரிப்பார், மறுபடியும் மடிப்பார்.

அன்றிரவு அவரைப் படுக்கவைத்துவிட்டுக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவருக்காகச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்கே ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" வரை தனியாகத்தான் சொன்னேன். "உம்முடைய ராஜ்யம்" என்றதும் அம்மா "வருவதாக" என்றார். பல மாதங்களாக அந்த வாயிலிருந்து முழுச்சொல் ஒன்றும் வந்ததில்லை. மூன்று முறை சொன்னார். வருவதாக, வருவதாக, வருவதாக. பிறகு இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தார். கட்டிலில் உட்கார யாராவது வந்தால் இடம் விடுவோமே, அதேபோல. காலியான இடத்தில் போர்வையைக்கூட நீவிவிட்டார்.

மறுநாள் காலையில் என்னை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சுகம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு அன்று நான் அழாமல் தூங்கினேன். இதற்கு என்ன பெயர் வைப்பது? தேவனுடைய ராஜ்யத்தில் நம்பிக்கையோ சுகமோ கண்டவர்கள் எழுதுங்கள். பெரிய அற்புதமாக இருக்க வேண்டியதில்லை.

பதினோராம்மணி:

அக்கா, பெயர் எனக்கும் தெரியாது. என்னுடையதைச் சொல்கிறேன்.

குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள். அதற்குமுன் நான்கு முறை விட்டு நான்கு முறையும் விழுந்தவன். அந்த விவரமெல்லாம் வேண்டாம், இங்கே பலர் வீட்டிலும் நடந்ததுதான். ஐந்தாம் முறை விட்ட பத்தொன்பதாம் நாள், இரவு இரண்டு மணி. வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் எங்கே போவேன் என்று எனக்கே தெரியும். ஜெபக்குழுவில் இருந்த ஒரு பெரியவருக்குப் போன் செய்து "ஐயா, முடியவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். சட்டையை உட்புறம் வெளியே தெரிய மாட்டியிருந்தார், தோளில் தையல் தெரிந்தது. காலில் கிடந்த இரண்டு செருப்பும் இரண்டு ஜோடியைச் சேர்ந்தவை. வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார், பிடி மட்டும் தளரவில்லை. நான் எழுந்து போக வேண்டுமென்றால் அந்த எழுபது வயது மனிதரை எழுப்ப வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே விடிந்துவிட்டது.

லூக்கா 17:21 நமது பழைய மொழிபெயர்ப்பில் "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே" என்று இருக்கிறது. கத்தோலிக்கர் படிக்கும் புதிய மொழிபெயர்ப்பில் "உங்கள் நடுவே" என்று வருகிறது. கிரேக்க மூலச்சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது என்று போதகர் ஒருமுறை விளக்கினார். பல ஆண்டுகள் எனக்குள்ளே தேடி இருட்டைத் தவிர வேறொன்றும் காணாதவன் நான். அன்றிரவு அது என் மணிக்கட்டில் இருந்தது. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பம்:

இரவுவாசல் சகோதரிக்கு. உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் "சுகம் கிடைக்கவில்லை, தூக்கம் வந்தது" என்பதோடு நாம் திருப்தி அடைந்துவிடக்கூடாது. யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து ஆளனுப்பி "வருகிறவர் நீர்தானா?" என்று கேட்டபோது, மன ஆறுதல் கிடைக்கிறது என்று இயேசு பதில் சொல்லவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள் என்றார். மத்தேயு 11-ஆம் அதிகாரம். ராஜ்யம் வந்ததற்கு உடம்பில் அடையாளம் காட்டினார்.

என் தங்கைக்கு வயிற்றில் கட்டி. மருந்தும் எடுத்தோம், உபவாசித்தும் ஜெபித்தோம். ஆறாவது மாதம் டாக்டர் இரண்டு ஸ்கேன் படங்களையும் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இடது கைப் படத்தை வலது கைக்கு மாற்றி, ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் பெயரைச் சரிபார்த்த அந்தச் சில விநாடிகளில் நான் மூச்சே விடவில்லை. கட்டி பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஆகையால் கேளுங்கள். கேட்காமலே சமாதானமாகிவிடாதீர்கள்.

பின்வரிசை:

விண்ணப்பம் அவர்களுக்கு. உங்கள் தங்கை நன்றாக இருப்பதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. ஆனால் "கேட்காமலே" என்று எழுதிவிட்டீர்களே. கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியவர்களும் இதைப் படிக்கிறோம்.

பதினான்கு வயதில் தொடங்கிய தசைநோய் எனக்கு. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்தவர் என் நெற்றியை அழுத்திப் பிடித்து, எழுந்திரு என்று இரண்டு முறை சொன்னார். நான் எழவில்லை. குனிந்து என் காதில், "இன்னும் எதை மறைக்கிறாய்?" என்று கேட்டார். அப்போது வயது பதினேழு. எதை மறைத்தேன் என்று நான்கு ஆண்டுகள் என்னையே தோண்டிக்கொண்டிருந்தேன்.

பெதஸ்தா குளத்தின் ஐந்து மண்டபங்களிலும் வியாதிக்காரர் திரளாகப் படுத்திருந்தார்கள் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். இயேசு சொல்லி அன்று எழுந்து நடந்தவர் 38 ஆண்டுகளாக வியாதியாயிருந்த ஒருவர். மற்றவர்களைப் பற்றி யோவான் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் அந்த மண்டபத்தில் இருப்பவள். துரோப்பீமு என்ற உடன்பயணியை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார், 2 தீமோத்தேயு 4:20. அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று எழுதவில்லை. தன் மாம்சத்தில் இருந்த "முள்" என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டவரும் அதே பவுல்தான். இதைச் சொல்வதற்காக என்னை அவிசுவாசி என்று நினைத்துவிடாதீர்கள்.

என் அனுபவம் இதுதான். மறுபடியும் ஒரு சபைக்குப் போகத் துணிந்த மூன்றாம் ஞாயிறு, திருவிருந்து. மேடைக்கு ஐந்து படிகள். சக்கர நாற்காலியோடு பின்வரிசையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். வரிசை முடிந்ததும் போதகர் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி, நடுப்பாதையில் கடைசிவரை நடந்து வந்தார். என் முன்னால் முழங்காலிட்டார். அவர் கண் என் கண்ணுக்குச் சற்றுக் கீழே இருந்தது. "உங்களுக்காகப் பிட்கப்பட்டது" என்றார். எழுந்திரு என்று சொல்லவில்லை, எதையும் கேட்கவுமில்லை. அவருடைய அங்கியின் முழங்கால் பகுதியில் தூசி ஒட்டியிருந்தது. கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் அதைத் தட்டிவிடவில்லை.

மாற்கு 5-இல் 12 ஆண்டு பெரும்பாடுள்ள (நிற்காத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை இயேசு நின்று கேட்டார். இத்தனைக்கும் யவீருவின் மகள் சாகுந்தறுவாயில் இருக்கிறாள், அங்கே போகிற அவசரம். என் கால்கள் இன்றும் நடப்பதில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுப் புண் அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஆறத் தொடங்கியது. அதையும் சுகம் என்றே சொல்வேன்.

விண்ணப்பம்:

சகோதரி, "கேட்காமலே" என்று எழுதியது தவறு. மன்னியுங்கள். தங்கையைப் பற்றி எழுதினேன். அதே ஆண்டு அதே வார்த்தைகளால் ஜெபித்தும் அடக்கம் செய்ய நேர்ந்த என் அண்ணனைப் பற்றி எழுதவில்லை. அவரைப் பற்றி எழுதினால் கேட்பதையே நிறுத்திவிடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

பழையஜெபமாலை:

இரவுவாசலின் அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் அப்பாவுக்கும் இதே நோய்தான். மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன், போன ஆண்டு போய்விட்டார். கடைசி மாதத்திலும் ஜெபமாலை மணி ஒவ்வொன்றாக அவர் விரலில் நகரும், வாய் மட்டும் அசையும்.

நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அம்மா சிறுவயதில் மனப்பாடம் செய்த வாசகம் எதுவோ, அதையே சொல்லுங்கள். நாங்கள் கத்தோலிக்கர். புதிய ஜெபத்தில் "உமது ஆட்சி வருக" என்று வரும். அப்பாவின் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. "உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக" என்று பழையதைத் தொடங்கினால் உடனே வாய் அசையும். இளவயதில் ஆழப் பதிந்த ஜெபமும் பாட்டும் பலருக்குக் கடைசிவரை தங்குகின்றன என்று எங்கள் டாக்டரும் சொன்னார். மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லுக்குமுன் நிறுத்திக் காத்திருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் நீங்களே முடித்துவிடுங்கள். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அது அவர்களுக்குப் பரீட்சை, தோல்வி மட்டுமே மிஞ்சும். நீங்களே பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள்.

இன்னொன்று. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலே அப்படி ஆகலாம், டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தில் சரியாகலாம். ஜெபக்குழுவில் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாரத்தில் ஓர் இரவு வந்து அம்மாவோடு இருக்க முடியுமா என்று ஆளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதினோராம்மணி தம்பிக்கு வந்த பெரியவரைப்போல யாராவது இருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. மூன்று ஆண்டும் தனியாகவே பார்த்து, கடைசியில் அப்பா பிரிந்த நேரத்தில் களைப்பில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரவுவாசல்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. பழையஜெபமாலை ஐயா, நேற்றிரவு நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு வரியிலும் காத்திருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "வருவதாக" என்பதை நானே சொல்லி முடித்தேன். கால்கள் மட்டும் மெல்ல மடங்கின. இதுவரை நான் நாற்காலியில்தான் உட்கார்ந்து ஜெபிப்பேன். நேற்று அவர் விட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். போர்வையின் ஓரத்தை எடுத்து என் மடியில் வைத்து மடிக்கத் தொடங்கினார்.

சபையில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு வருகிறார்.