புதுப்பிப்பு: இரண்டாவது கோர் எழும்போது ரீசெட் – தீர்ந்தது

பதில் போட்டவர்களுக்கு நன்றி, முக்கியமாக ஈப்போ அண்ணனுக்கு. நான் எழுதும் கர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), ப்ராசசரின் இரண்டாவது கோர் பேஜிங்கை (நிரல் முகவரியை ரேம் முகவரியாக மாற்றும் முறை) ஆன் செய்ததுமே மெஷின் ரீசெட் ஆகிறது என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னதுதான் காரணம்: டிராம்போலின் (புதிதாக எழும் கோர் முதலில் ஓட்டும் சிறு கோட்) இருக்கும் ஹெக்ஸ் 8000 முகவரி கர்னல் பேஜ் டேபிளில் (பேஜிங் பார்க்கும் முகவரிப் பட்டியல்) இல்லை. அடுத்த கட்டளையை எடுக்கும்போதே பேஜ் ஃபால்ட் (பேஜ் டேபிள் வழியே முகவரியை அணுக முடியாத பிழை); ஐடிடி (பிழையைக் கையாளும் கோட் எங்கே என்று சொல்லும் டேபிள்) இல்லாததால் டிரிப்பிள் ஃபால்ட், அதாவது மெஷினே ரீசெட். அந்த 4 கேபி பக்கத்தை அதே முகவரிக்கே மேப் செய்த தற்காலிக டேபிளைக் கொடுத்ததும் கியூஇஎம்யூ எமுலேட்டரில் கோர் எழுந்துவிட்டது.

எதிர்பாராதது: இங்கே சுங்கை சிப்புட் டியூஷன் சென்டரில் கிடக்கும் 8 ஜிபி பிசியில் மறுபடி ரீசெட். டேபிளின் மேல்மட்டப் பக்கம் 4 ஜிபிக்கு அப்பால் விழுந்திருந்தது. லாங் மோடுக்கு (64 பிட் நிலை) முன், டேபிளின் முகவரியை வைக்கும் சிஆர்3 ரெஜிஸ்டரில் 32 பிட்தான் ஏறும், அதாவது 4 ஜிபிக்குள் உள்ள முகவரி மட்டும். 4 ஜிபிக்குள் ஒதுக்கியதும் சரி.

பேஜ் டேபிளில் என்எக்ஸ் பிட் (இந்தப் பக்கத்தில் கோட் ஓடக் கூடாது என்ற குறி) போடுகிறவர்கள் பேஜிங்குக்கு முன்பே இஎஃப்இஆர் ரெஜிஸ்டரில் அதை அனுமதிக்கும் என்எக்ஸ்இ பிட்டை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதே ரீசெட்தான். எல்லாக் கோரும் கர்னல் முகவரிக்குத் தாவிய பிறகே தற்காலிக மேப்பை நீக்கவும்.