கரண்ட் போய் வந்தால் வயர்கார்டு அரை மணி நேரம் இணைவதில்லை: ராஸ்பெர்ரி பை 4 [தீர்ந்தது]

இரவுப்பணி (கேள்வி)

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். யாராவது பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தென்காசி வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். நான் சென்னையில். ஹாலில் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி), அதில் வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க். ரூட்டரில் தெரியும் வெளி முகவரி 100.75 என்று ஆரம்பிக்கிறது. அதாவது சிஜிநாட், நெட் கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வர ரூட்டரில் வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டு போட்டுப் பயனில்லை என்று புரிந்தது. அதனால் ஒரு விபிஎஸ் (இணையத்தில் எப்போதும் ஓடும் சர்வர்) வாடகைக்கு எடுத்து, ராஸ்பெர்ரியும் என் போனும் அதனுடன் வயர்கார்டு என்ற விபிஎன் டனலில் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) சேரும்படி செய்தேன். சாதாரண நாட்களில் நன்றாக ஓடுகிறது.

கரண்ட் போய் வந்தால்தான் பிரச்சினை. வீட்டில் நெட் வந்துவிடும், அப்பா டிவியில் யூடியூப் பார்ப்பார், ஆனால் டனல் வராது. சில நாள் 5 நிமிடம், சில நாள் அரை மணி நேரம் கழித்துத் தானாக வந்துவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம் இது. கரண்ட் போய் வந்த உடனேதான் எனக்குக் கேமராவைப் பார்க்க வேண்டும் போல இருக்கும், அப்போதுதான் அது வருவதில்லை.

பாலசிங்க நிலையம்

ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிக்கு பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 நொடிக்கு ஒருமுறை சின்ன பாக்கெட் அனுப்புவது) கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ரூட்டர் திறந்துவைத்திருக்கும் நாட் வழி மூடிக்கொள்ளும். அல்லது இதையெல்லாம் விட்டுவிட்டு டெயில்ஸ்கேல் போட்டுவிடுங்கள், உள்ளே அதுவும் வயர்கார்டுதான். சிஜிநாட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரவுப்பணி

கீப்அலைவ் 25 ஏற்கெனவே இருக்கிறது. டெயில்ஸ்கேல் நல்ல யோசனை, ஆனால் காரணம் தெரியாமல் மாற்ற மனம் வரவில்லை. இரண்டு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். ராஸ்பெர்ரியை முறையாக ரீஸ்டார்ட் செய்தால் உடனே இணைகிறது, கரண்ட் போனால்தான் தகராறு. அப்புறம், டனல் வராத நேரத்தில் விபிஎஸ்ஸில் வயர்கார்டை நிறுத்தி மறுபடி ஓட விட்டால் அந்த நொடியே வந்துவிடுகிறது. ராஸ்பெர்ரியில் அதையே செய்தால் வருவதில்லை.

கம்பிவடம்

தம்பி, நீங்கள் மறந்துவிட்டதாகச் சொன்ன அந்த இரண்டும்தான் முக்கியமானவை. இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ராஸ்பெர்ரி பக்கக் கோப்பில் அலவுட் ஐபிஸ் (எந்த முகவரிகளுக்குப் போவது டனல் வழியாகப் போகும் என்ற வரி) என்ன? இரண்டு, அடுத்த முறை கரண்ட் வந்ததும், டனல் வருவதற்கு முன்னால், ராஸ்பெர்ரி தன் கடிகாரத்தில் என்ன நேரம் காட்டுகிறது என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை எதையும் மாற்றாதீர்கள்.

இரவுப்பணி

அலவுட் ஐபிஸ் 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரிகளும். போனுக்கு எழுதிய கோப்பைப் பார்த்து அப்படியே போட்டேன்.

இன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 8.40க்கு நின்றது, மதியம் 1.50க்கு வந்தது. தங்கை ஊருக்கு வந்திருந்தாள். 1.54க்கு லேப்டாப்பிலிருந்து ராஸ்பெர்ரிக்குள் போய்ப் பார்த்தாள். காலை 8.21 என்று காட்டியதாம். டனல் 2.12க்கு வந்தது, அதன் பிறகு பார்த்தால் நேரம் சரியாக இருக்கிறது.

கம்பிவடம்

தங்கைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொன்ன அந்த 8.21 போதும்.

வயர்கார்டில் ஹேண்ட்ஷேக்கை, அதாவது இரு முனைகளும் அவ்வப்போது ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் பரிமாற்றத்தைத் தொடங்குபவர் அனுப்பும் முதல் பாக்கெட்டில் அவருடைய நேரமும் இருக்கும். மறுமுனை, தான் கடைசியாக ஏற்றுக்கொண்ட நேரத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதைவிடப் பழைய நேரத்தோடு ஒரு பாக்கெட் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்புகிறார்கள் என்று எண்ணி ஒதுக்கிவிடும். பதிலும் கிடையாது, பிழைச் செய்தியும் கிடையாது.

ராஸ்பெர்ரி பை 4இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. நேரத்தை அவ்வப்போது மெமரி கார்டில் எழுதிவைத்து, எழும்போது அங்கிருந்து தொடங்குகிறது. பழைய சிஸ்டம் பதிப்புகளில் இதைச் செய்வது ஃபேக் எச்டபிள்யூகிளாக் என்ற புரோகிராம். மணிக்கு ஒருமுறையும், முறையாக அணைக்கும்போதும் எழுதும். ரீஸ்டார்ட்டில் உங்களுக்குப் பிரச்சினை வராதது அதனால்தான். திடீரென்று கரண்ட் போனால் எழுத நேரமில்லை.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 1.54க்கு 8.21 என்றால், 1.50க்கு எழும்போது 8.17இலிருந்து ஆரம்பித்திருக்கிறது. ஆனால் விபிஎஸ்ஸின் நினைவில் இருப்பது கரண்ட் போவதற்குச் சற்று முன் நடந்த ஹேண்ட்ஷேக், அதாவது 8.39ஐ ஒட்டி. ராஸ்பெர்ரியின் கடிகாரம் தானாக ஓடி 8.39ஐத் தாண்ட 22 நிமிடம். 1.50உடன் 22ஐக் கூட்டினால் உங்கள் 2.12. இணையத்தில் நேரம் கேட்டால் உடனே சரியாகிவிடுமே என்றால், 0.0.0.0/0 போட்டதால் அந்தக் கேள்வியும் டனல் வழியாகத்தான் போக வேண்டும். நேரம் சரியானால்தான் டனல் வரும், டனல் வந்தால்தான் நேரம் சரியாகும். விபிஎஸ்ஸில் நிறுத்தி ஓட விட்டால் வந்ததும் இதனால்தான், அந்தக் கடைசி நேரம் அதன் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது.

ராஸ்பெர்ரி பக்கம் 0.0.0.0/0ஐ எடுத்துவிட்டு உங்கள் டனலின் முகவரி வரிசையை மட்டும் போடுங்கள், 10.8.0.0/24 போல. போனிலிருந்து கேமராவுக்குப் போகும் வழிக்கு அது போதும். விபிஎஸ் கோப்பில் ராஸ்பெர்ரியின் பெயரில் இருக்கும் வீட்டு நெட்வொர்க் வரிசையைத் தொடாதீர்கள், அது போனால் கேமராவின் பதில் அங்கேயே நின்றுவிடும். மாற்றத்தை ஊரில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள். பிழையானால் சென்னையிலிருந்து சரிசெய்ய முடியாது.

பாலசிங்க நிலையம்

நான் சொன்ன கீப்அலைவ் இதற்குச் சம்பந்தமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டிஎஸ்3231 என்று ஒரு சின்ன கடிகார மாட்யூல் கிடைக்கிறது. நெட் வர நேரமானாலும் ராஸ்பெர்ரிக்கு நேரம் தெரியும். பை 5இல் கடிகாரம் போர்டிலேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

இரவுப்பணி

தங்கை கிளம்புவதற்கு முன் மாற்றிவிட்டேன். நேற்று இரவு 9 மணிவாக்கில் கரண்ட் போனது, நாற்பது நிமிடம் கழித்து வந்தது. ரூட்டர் விளக்கு பச்சையாகி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போனில் ஹால் தெரிந்தது. அப்பா விசிறியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். மூன்று வாரத்தில் முதல் முறையாக, கரண்ட் வந்ததா என்று அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்கவில்லை.

அண்ணா, மிக்க நன்றி. மாட்யூல் ஆர்டர் போட்டிருக்கிறேன், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாட்டிவிட்டு இங்கே எழுதுகிறேன்.