ட்ரெட் (2012): டிஸ்க் விற்றது, ரசிகர் கூட்டமும் சேர்ந்தது, இரண்டாம் பாகம் மட்டும் ஏன் வரல?

பீச்ட்ரீஸ்_200 கேட்டது:

கார்ல் அர்பன் நடிச்ச, பிரிட்டிஷ் காமிக்ஸ்ல வர்ற போலீஸ்-நீதிபதி கதையான ட்ரெட் பத்திப் பேச்செடுத்தாலே "படம் அருமை, ஜனங்கதான் கைவிட்டுட்டாங்க"ன்னு ஒரே ஒப்பாரியா இருக்கு. யார் மேல தப்புன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். ஒருத்தர் 3டி மேல பழி போடறார், இன்னொருத்தர் 1995-ல வந்த ஸ்டலோன் படத்து மேல, மூணாவது ஆள் தி ரெய்டுங்கற இந்தோனேசியப் படத்து மேல. கணக்கு தெரிஞ்சவங்க கொஞ்சம் தெளிவா சொல்லுங்க.

1. உலக வசூல் சுமார் 4.1 கோடி டாலர். பட்ஜெட் 3 கோடியிலிருந்து 4.5 கோடி வரைன்னு செய்தி. கிட்டத்தட்ட போட்ட பணம் வந்த மாதிரிதானே இருக்கு? பிறகு எப்படி தோல்வி?
2. விமர்சனங்கள் பெரும்பாலும் நல்லா இருந்தும் கூட்டம் ஏன் வரல?
3. டிஸ்க் வெளியான முதல் வாரத்துலயே அமெரிக்காவுல நம்பர் ஒன். அதுக்கப்புறமும் ஏன் யாரும் அடுத்த பாகத்துக்குப் பணம் போடல?

---

ஏரியாகணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போ. நீங்க கிராஸை, அதாவது மொத்த டிக்கெட் வசூலை, பட்ஜெட்டோட நேரா ஒப்பிடறீங்க. தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தருக்கு வர்ற ஷேரை எடுத்து ஒப்பிடணும்.

அமெரிக்கா, கனடா வசூல் 1.34 கோடி டாலர். அதுல தியேட்டர்காரங்க எடுத்தது போக விநியோகஸ்தருக்கு ஏறக்குறைய பாதி வரும்: 67 லட்சம். வெளிநாட்டு வசூல் மீதி 2.76 கோடி. அங்கே ஷேர் இன்னும் குறைவு, 40 சதவீதம்னு வெச்சுக்கலாம்: 1.1 கோடி. ரெண்டையும் கூட்டினா 1.8 கோடிக்குக் கொஞ்சம் கீழே. பட்ஜெட்டுக்கு வந்த செய்திகள்லயே குறைஞ்ச தொகையான 3 கோடியை எடுத்தாலும் பாதியைக் கொஞ்சம் தாண்டுது, அவ்வளவுதான். இதுல விளம்பரச் செலவை நான் இன்னும் தொடவே இல்ல. 2,500 தியேட்டர்ல ஒரே நாள்ல படத்தை இறக்கினா டிவி விளம்பரம், டிரெய்லர், போஸ்டர்னு தனியா கோடிக்கணக்குல போகும். அது பட்ஜெட் எண்ணுக்குள்ள வராது.

அடுத்தது ஓப்பனிங். 2012 செப்டம்பர் 21 வெளியீடு. முதல் மூணு நாள்ல சுமார் 63 லட்சம் டாலர், ஆறாவது இடம். 2,506 தியேட்டரால வகுத்தா தியேட்டருக்கு 2,500 டாலர். அதாவது மூணு நாள் முழுக்க ஓட்டி அவ்வளவுதான். ஒரு டிக்கெட்டை 10 டாலர்னு வெச்சா மூணு நாளைக்கு 250 பேர். நாலு காட்சி வெச்சா காட்சிக்கு 20 பேர். அப்போ திங்கட்கிழமை காலையில தியேட்டர் மேனேஜர் என்ன செய்வார்? அடுத்த வெள்ளிக்கு லூப்பர் வருது. ஸ்கிரீன் அதுக்குப் போகும்.

மொத்த வசூலை ஓப்பனிங்கால வகுத்துப் பாருங்க: 2.1 மடங்கு. வாய்வழியா பேர் பரவி நின்ன படத்துக்கு இது 3 அல்லது அதுக்கு மேல இருக்கும். அதனால "பார்த்தவங்க எல்லாரும் கொண்டாடினாங்க" என்பது இன்னிக்கு டிஸ்க்ல பார்த்தவங்களுக்குப் பொருந்தும். அந்த செப்டம்பருக்குப் பொருந்தாது. அப்போ தியேட்டர்ல வாக்களிச்ச பார்வையாளர்கள் கொடுத்த சினிமாஸ்கோர் "பி". நம்மூர் வழக்குல சொன்னா, "ஒருதடவ பாக்கலாம்".

---

கருப்புக்கண்ணாடி:

3டி மீது பழி போடுபவர்கள் பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்.

படம் பிடித்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. பின்னால் கணினியில் மாற்றியதல்ல, நிஜமான 3டி கேமராக்களில் எடுத்தது. ஒளிப்பதிவு அந்தனி டாட் மேண்டில். ஸ்லோ-மோ போதைப்பொருள் காட்சிகளுக்கு ஃபேண்டம் ஃப்ளெக்ஸ் என்ற அதிவேகக் கேமரா. வினாடிக்கு ஆயிரக்கணக்கில் பிரேம் எடுப்பதால் அதற்கு அள்ளிக் கொட்ட வெளிச்சம் வேண்டும். அதனால் அந்தக் காட்சிகள் மட்டும் பளீரென்று இருக்கும். மீதிப் படம் முழுக்க கான்கிரீட் தாழ்வாரம், புகை, மங்கலான விளக்கு.

சிக்கல் அங்கேதான். 2டி திரைக்கான வெளிச்ச அளவு 14 ஃபுட்-லாம்பர்ட். 3டியில் கண்ணாடியும் வடிகட்டியும் விழுங்கியது போக 4 அல்லது 5 கிடைத்தாலே நல்ல தியேட்டர். பல்பு பழசாகியிருந்தால் அதுவும் இல்லை. பகல் வெளிச்சத்தில் நடக்கும் படம் இதைத் தாங்கும். இருண்ட அடுக்குமாடிக்குள் நடக்கும் படம் தாங்காது. கறுப்புச் சீருடை, சாம்பல் சுவர், எது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

இரண்டாவது விஷயத்தை யாரும் சொல்வதில்லை: 3டி ஸ்கிரீன்களுக்கு இருந்த நெருக்கடி. ஒரு வாரம் முன்புதான், செப்டம்பர் 14 அன்று, ரெசிடென்ட் ஈவில்: ரெட்ரிப்யூஷனும் ஃபைண்டிங் நீமோ 3டி மறுவெளியீடும் வந்திருந்தன. இரண்டுமே 3டி. ட்ரெட் வந்த வார இறுதியில் அவை இரண்டும் அதற்கு மேலே இருந்தன. ஒரு பக்கம் குழந்தைகளோடு வரும் குடும்பம், மறுபக்கம் துப்பாக்கிச் சண்டைக்கு வரும் இளைஞர் கூட்டம், இரண்டையும் ஏற்கனவே பிடித்துவைத்த படங்கள். தலைப்பிலேயே 3டி என்று போட்டு விளம்பரம் செய்த படத்துக்கு 3டி திரையில் போட்டி என்றால் எங்கே போவது?

பிரிட்டனில் இன்னொரு தொல்லை. பெரும்பாலும் 3டி காட்சிகளே போடப்பட்டன. 2டியில் பார்க்க விரும்பியவர்கள் தேடி அலைய வேண்டியிருந்தது. சான்றிதழோ 18. பதினேழு வயது ரசிகனை உள்ளே விடவே முடியாது. அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் என்பதால் பதினேழு வயதில் தனியாகவே போகலாம், அதற்குக் கீழே என்றாலும் பெரியவர் துணையோடு போகலாம்; பிரிட்டனில் அந்த வழியும் இல்லை. அப்படியிருந்தும் பிரிட்டனில் முதல் வாரம் முதலிடம். சொந்த ஊர் காமிக்ஸ் என்பதன் பலம் அது.

---

ப்ராக்_இரண்டு:

ஸ்டலோன் பங்கையும் ரெய்டு பங்கையும் நான் எடுத்துக்கறேன்.

1995 படம் சுமார் 9 கோடி டாலர்ல எடுத்தது, அமெரிக்காவுல வந்தது 3.5 கோடி. ஆனா பணத்தைவிடப் பெரிய சேதம் வேற. அமெரிக்கப் பொதுஜனத்துக்கு ஜட்ஜ் ட்ரெட்னா அந்தப் படம்தான். ட்ரெட் கதை வர்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழ் 2000 ஏடி அங்கே பெட்டிக்கடைப் பத்திரிகை இல்லை. 1977 மார்ச்சுல இரண்டாவது இதழ்ல ட்ரெட் அறிமுகமானதிலிருந்தே அது பிரிட்டன் பசங்களோட சொத்து. ட்ரெட்டை உருவாக்கின ஜான் வாக்னர், கார்லோஸ் எஸ்கெரா பேரெல்லாம் அட்லாண்டிக்கைத் தாண்டினா காமிக்ஸ் கடைக்குள்ள மட்டும்தான் செல்லுபடி. அதனால 2012 போஸ்டரைப் பார்த்த சராசரி ஆள் "ஓ, அந்தப் பழைய படத்தோட ரீமேக்கா"ன்னு நகர்ந்துட்டான். இது ரீமேக் இல்லவே இல்லன்னு விளம்பரம் ஓங்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல.

ஹெல்மெட் விஷயத்துல எனக்கு ரசிகர்கள் மேலயே ஒரு வருத்தம் உண்டு. ட்ரெட் முகத்தைக் காட்டக்கூடாது, அதுதான் காமிக்ஸ் மரபு. ஸ்டலோன் கழட்டினார், திட்டு வாங்கினார். அர்பன் கடைசிவரை கழட்டல, நாம கை தட்டினோம். சரி. ஆனா போஸ்டர்ல ஒரு தாடைய மட்டும் வெச்சுக்கிட்டு யாருக்கு டிக்கெட் விப்பீங்க? ஸ்பைடர்மேனுக்கு முகமூடி போட்டாலும் உள்ளே இருக்கிற பையனோட முகத்துல கதை நடக்கும். இங்கே அதுக்கு ட்ரெட்டோட வர்ற பயிற்சி ஜட்ஜ் ஆண்டர்சன் ஒருத்திதான் இருக்கா, அவளையும் டிரெய்லர்ல ஓரமா நிறுத்திட்டாங்க. மரபைக் காப்பாத்தினதுக்கு ஒரு விலை இருந்துச்சு. கொடுத்தது சரிதான், ஆனா விலையே இல்லாத மாதிரி பேசக்கூடாது.

ரெய்டைப் பார்த்துக் காப்பியடிச்சாங்க என்பது தேதி தெரியாத பேச்சு. ட்ரெட் படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவுல 2010 நவம்பர்ல தொடங்கிடுச்சு. ரெய்டு படப்பிடிப்பு 2011-ல. ஆனா ரெய்டு அமெரிக்கத் தியேட்டருக்கு 2012 மார்ச்சுல, ஆறு மாசம் முந்தி வந்துடுச்சு. குண்டர் தலைவன் (ட்ரெட்ல தலைவி, பேரு மா-மா) மேல் மாடியில, போலீஸ் கீழே, கதவு மூடிக்குது. கதைச் சுருக்கத்தைப் படிச்சா ரெண்டும் ஒண்ணுதான். முதல்ல எடுத்தவன் ரெண்டாவதா வந்தா பார்க்கிறவன் கண்ணுக்கு அவன்தான் நகல்.

---

பீச்ட்ரீஸ்_200:

முதல் ரெண்டும் புரிஞ்சது, நன்றி. மூணாவதுதான் இன்னும் தொங்குது. 2013 ஜனவரி 8 டிஸ்க் வந்தப்போ டிஜிட்டலையும் சேர்த்து முதல் வாரம் ஏழரை லட்சம் வித்ததுன்னு போட்டிருக்காங்க. தியேட்டர் நஷ்டத்தை அது அடைச்சிருக்காதா?

---

ஏரியாகணக்கு:

அடைச்சிருக்கலாம், ஆனா யாரோட நஷ்டத்தை? அங்கேதான் முடிச்சு.

இந்தப் படத்துக்குப் பின்னால பெரிய ஸ்டுடியோ கிடையாது. தயாரிப்பு லண்டன் டிஎன்ஏ பிலிம்ஸ். பணம் ஐஎம் குளோபல், அதோட நம்மூர் ரிலையன்ஸ் என்டர்டெயின்மென்ட். அமெரிக்க வெளியீடு லயன்ஸ்கேட், பிரிட்டன் வெளியீடு வேற கம்பெனி, மத்த நாடுகளுக்கு வேற வேற ஆள். தமிழ்ப் படத்தை செங்கல்பட்டு, கோவை, மதுரைன்னு ஏரியா பிரிச்சு எம்ஜிக்கு (மினிமம் கேரண்டி, அதாவது முன்கூட்டியே உறுதி செஞ்ச தொகைக்கு) விக்கறோமே, இதுபோன்ற தனித் தயாரிப்புகளுக்கு அதே வழிதான்; ஏரியாவுக்குப் பதிலா நாடு. படம் முடியறதுக்கு முன்னாடியே உரிமையை வித்து, அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கடன் வாங்கிப் படம் எடுக்கறது.

இப்போ டிஸ்க் பணம் எங்கே போகும்? உரிமை வாங்கின அந்தந்த நாட்டு விநியோகஸ்தர்கிட்ட. அவர் முதல்ல தன்னோட எம்ஜியையும் விளம்பரச் செலவையும் கழிப்பார். தயாரிப்பாளருக்கு வர்றது மீதி ராயல்டி. ஒரு மாதிரிக் கணக்கு, இது ட்ரெட்டோட உண்மையான ஒப்பந்தம் இல்ல: ஏழரை லட்சம் பிரதி, சராசரி 15 டாலர், கடைவிலையில 1.12 கோடி. மொத்த விலை அதுல 65 சதவீதம்னா 73 லட்சம். பழைய வழக்கப்படி 20 சதவீத ராயல்டின்னா படத்தோட கணக்குல ஏறுவது 15 லட்சத்துக்கும் குறைவு. முதல் வாரம் அது. அடுத்த வாரங்கள் சரிஞ்சுக்கிட்டே போகும், விலையும் குறையும்.

இன்னொண்ணு, வெளியீட்டுக்கு முன்னாடியே கதாசிரியர் அலெக்ஸ் கார்லண்ட் ஒரு எண்ணைச் சொல்லியிருந்தார்: வட அமெரிக்காவுல 5 கோடி டாலர் தாண்டினா அடுத்த பாகங்களுக்கு வழி உண்டுன்னு. வந்தது 1.34 கோடி. நாலுல ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரும் கையைச் சுட்டுக்கிட்ட பிறகு, "பாகம் இரண்டு, எம்ஜி எவ்வளவு கொடுப்பீங்க"ன்னு அதே கதவைத் தட்ட முடியாது. ரசிகர்கள் இதை ஏதோ ஒரு முதலாளியோட பிடிவாதம்னு நினைச்சாங்க. பிடிவாதம் பிடிக்க அங்கே ஒரு முதலாளியே இல்ல.

---

ப்ராக்_இரண்டு:

ரசிகர்கள் செஞ்சதையும் சொல்லிடலாம், வெறும் புலம்பல் மட்டும் இல்ல. 2013-ல இணையத்துல கையெழுத்து இயக்கம். 2000 ஏடி பத்திரிகையே அதுக்கு வெளிப்படையா ஆதரவு கொடுத்தது. செப்டம்பர் 18-ஐ "ட்ரெட் நாள்"னு அறிவிச்சு, அன்னிக்கு எல்லாரும் ஒரு பிரதி வாங்குங்கன்னாங்க. யோசனை கெட்டிக்காரத்தனம்தான்: கையெழுத்துக்கு மதிப்பில்ல, விற்பனைப் பட்டியலுக்கு மதிப்பு உண்டு. ஆனா ஏற்கனவே டிஸ்க் வெச்சிருந்தவங்களே ரெண்டாவது பிரதி வாங்கினா பட்டியல் ஏறும், பார்வையாளர் எண்ணிக்கை ஏறாது. பணம் போடறவனுக்கு வேண்டியது ரெண்டாவது.

அந்தக் கூச்சலுக்குக் கிடைச்ச நேரடிப் பலன் காமிக்ஸ்லதான். அதே படத்து உலகத்துல, அதே சீருடையில, அண்டர்பெல்லி என்ற தொடர்ச்சிக் கதை 2013-ல ஜட்ஜ் ட்ரெட் மெகஸீன்ங்கற காமிக்ஸ் இதழ்ல வந்தது. எழுத்து ஆர்தர் வயட், படம் ஹென்றி ஃப்ளின்ட். மா-மாவோட முன்கதையும் படம் வந்த வருஷமே அதே ஃப்ளின்ட் தூரிகையில வந்திருக்கு. "பாகம் இரண்டு எங்கே"ன்னு கேக்கறவங்க முதல்ல இது ரெண்டையும் படிங்க. 2017-ல ட்ரெட் காமிக்ஸ் உரிமையாளர் ரிபெல்லியன் ஒரு டிவி தொடரை அறிவிச்சது, படப்பிடிப்பு வரை போகல. 2025-ல டைகா வைடிடி இயக்கத்துல புதுப் படம்னு செய்தி வந்தது. அது அர்பன் படத்தோட தொடர்ச்சியா வரல, புதுசா ஆரம்பிக்கறது.

ஒரு கொசுறு. இந்த ரிபெல்லியன்தான் பழைய ஃப்ளீட்வே காமிக்ஸ் களஞ்சியத்தையும் 2016-லயும் 2018-லயுமா வாங்கினவங்க. அதாவது நம்ம முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவிக்கும் ஜட்ஜ் ட்ரெட்டுக்கும் இப்போ ஒரே வீட்டுச் சாவி.

---

கருப்புக்கண்ணாடி:

இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கு: 3டி டிவி இல்லையென்றால் வருந்த வேண்டாம், இருண்ட தாழ்வாரக் காட்சிகள் 2டியில்தான் தெளிவு. டிவியில் மோஷன் ஸ்மூத்திங் அமைப்பை அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். அது இயக்கத்தில் இருந்தால் சாதாரணக் காட்சிகளும் வழவழவென்று வழுக்கும், ஸ்லோ-மோ வரும்போது வித்தியாசமே தெரியாது. மூளைக்குக் காலம் நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் அந்தப் போதையின் விளைவு. அந்தத் திடீர் மாற்றம் போய்விட்டால் படத்தில் பாதி போய்விடும். அறை விளக்கையும் அணையுங்கள்.